முப்பத்திரண்டு எண்ணும்வரை

எமில் பென்யோவைப் புதைக்கும்போது அவன் வாயில் முன்பற்கள் நான்கு இல்லை. ஆலை விபத்தில் போனவை என்று இளசுகள் பலர் நினைத்திருந்தார்கள். பள்ளி மைதானத்தில், எழுநூறு பேர் பார்த்திருக்க, பூட்ஸ் காலால் உதைத்து உதிர்த்த பற்கள் அவை. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன்.

பென்சில்வேனியாவில் ஆற்றோரத்து எஃகு ஊர் எங்கள் கில்மர். எமில் ஆலையில் வெல்டர். நான் கிரேன் ஓட்டுபவன். மாலையானால் இருவரும், மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடி வாசித்துப் போட்டி போடும் ஊரின் டிரம் அணிக்கு உழைப்போம். அறுபது பிள்ளைகள், பாதிப் பேருக்கு டிரம், பாதிப் பேருக்குப் பித்தளைக் குழல். அடிக்கச் சொல்லிக்கொடுப்பது நான். எந்தத் தாளத்தில் யார் எங்கே நடக்கணும், எங்கே திரும்பணும் என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து ஷோ அமைப்பது அவன்.

அவன் அப்பா மிக்கல், 1937 வேலைநிறுத்தத்தின்போது ஆலை வாசலில் குண்டடிபட்டுச் செத்தார். எமிலுக்கு அப்போது ஏழு வயது. தொழிலாளர்களே தங்களுக்குள் சுட்டுக்கொண்டார்கள் என்று எழுதி விசாரணையை மூடிவிட்டார்கள். அயோக்கியத்தனம். சுட்டது கம்பெனிக் காவலாட்கள் என்று ஊருக்கே தெரியும், எவன் என்பதுதான் தெரியாது. எமிலுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: யாராவது ஒருத்தன் ஊர் கேட்க வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும்.

1971 கோடைக்கு அவன் அமைத்த ஷோ அதைப் பற்றித்தான். முடிவில் ஒரு டிரம்மில் மட்டும் ஒரே அடி, துப்பாக்கி வெடித்த மாதிரி. பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே விழ வேண்டும். முப்பத்திரண்டு எண்ணும்வரை மூச்சுச் சத்தம்கூடக் கூடாது.

"வெடிச் சத்தம் கேட்டா விழு. யோசிக்காத. குண்டு பட்டவன் யோசிச்சுக்கிட்டா இருப்பான்?" என்று கத்துவான். முழங்கைத் தோல் கிழிந்து ரத்தம் வழிய அவர்கள் விழுந்து பழகினார்கள். கொடி பிடிக்கும் மார்லீன் மட்டும் நிற்க வேண்டும். தேசியக் கொடி மண்ணில் பட்டால் அணி அத்தோடு ஒழிந்தது.

முதல் இரண்டு ஊர்களில் ரசிகர்கள் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். "மார்ச் பாட்டு எங்கடா? டிக்கெட் வாங்கி எழவு பாக்கவா வந்தோம்?" என்று பீர் கேன் பறந்தது. குழல் ஊதும் பெண் ஒருத்திக்குப் புருவம் பிளந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் பக்கம் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு இரண்டு கூட்டமும் வெளியே நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவில் மூக்கை உடைத்துக்கொண்டன.

"அடிச்சுக்கறாங்கன்னா புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம், கஸ்," என்றான் எமில் என்னிடம்.

எங்கள் டிரம், சீருடை, பஸ் எல்லாம் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் கொடுத்தது. அதன் தலைவர் ஆர்வில் டேக். வாலிபத்தில் கம்பெனிக் காவலாளாக இருந்தவர். உள்ளூர்ப் போட்டிக்கு முந்தின நாள் பயிற்சிக்கு வந்தார்.

"எமில், அந்த விழற சமாச்சாரத்தை மட்டும் எடுத்துடுப்பா. ஊர்ல வயசானவங்க இருக்காங்க."

"அவங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன், மிஸ்டர் டேக்."

போட்டியில் ஒரு அணி ஆடவேண்டிய குறைந்தபட்ச நேரம் முடிந்ததைக் காட்ட நடுவர் கைத்துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவை வெடிப்பது வழக்கம். முந்தைய இரண்டு ஊரிலும் விசில்தான் ஊதினார்கள். இருபது வருடமாக இதிலேயே ஊறிய எங்கள் இரண்டு மண்டைகளுக்கும் இங்கே துப்பாக்கி வெடிக்கும் என்பது உறைக்கவில்லை.

பாட்டு நடுவில் இருந்தபோது நடுவர் கையை உயர்த்திச் சுட்டார். பிள்ளைகள் யோசிக்கவில்லை. அறுபது பேரும் ஒரே நேரத்தில் மண்ணில் விழுந்தார்கள். மாதக்கணக்கில் அந்த விழுதலைப் பார்த்த மார்லீனும் விழுந்தாள், கொடியோடு.

மைதானமே வாயடைத்துப் போயிற்று. பிள்ளைகள் அசையாமல் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வேலியைத் தாண்டி முதலில் வந்தவர் டேக். எமிலின் தாடையில் விட்ட குத்தில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனின் வாயிலேயே உதைத்தார். எமில் கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"கெடடா அங்கயே! உங்கப்பன்கிட்டயும் இப்படித்தான் ரெண்டு தடவை சொன்னேன், பின்னால போடான்னு. கேட்டானா? அதான் சுட்டேன்!"

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. எமில் ரத்தமும் பல்லுமாகத் துப்பிவிட்டுச் சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான். அடுத்த நொடி டேக் பக்கம், எமில் பக்கம் என்று பிரிந்து மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. பெஞ்சுப் பலகையைப் பெயர்த்து அடித்தார்கள். கொடிக் கம்பால் ஒருவன் மண்டை பிளந்தது. டிரம்களை மிதித்துக் கிழித்தார்கள்.

போலீஸ் வந்து ஒவ்வொருவராக விசாரித்தது. டேக் என்ன சொன்னார்? யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்டுத்தான் பாய்ந்தவர்களுக்கும் தெரியவில்லை. என்னிடம் வந்தார்கள். டேக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த எமிலும் பார்த்தான். தாடை தொங்கியது, அவனால் பேச முடியவில்லை.

"டிரம் சத்தத்துல எதுவும் காதுல விழலைங்க," என்றேன்.

ஒரு டிரம்கூட அப்போது ஒலிக்கவில்லை. அந்த மௌனத்தைத் தாளில் எண்ணி எண்ணி அமைத்தவன் எமில். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஆலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.