ஆடாத செய்தித்தாள்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்தோடு நான் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் மலைமேல் உள்ள கரியாலூர்க்காரர் ஒருவர் இருந்தார். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து கண்கள் பிதுங்கியிருந்தன. மாத்திரைகள் அவருக்குப் பலிக்கவில்லை. அயோடின் சொட்டு மருந்தால் நோயைச் சில நாட்கள் மட்டுமே அடக்கி வைக்க முடியும்; அதற்குள் கழுத்தில் அறுவை செய்தாக வேண்டும்.

கை நடுக்கத்தை அளக்க டாக்டர் விரல்கள்மேல் ஒரு தாளை வைத்ததைப் பார்த்து, அவரும் தினமும் காலையில் நீட்டிய விரல்கள்மேல் நான் எழுதும் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். தாள் படபடக்கும். என் கட்டுரைக்கு யாரும் அவ்வளவு நடுங்கியதில்லை.

ஒரு காலை தாள் ஆடவில்லை.

“பாத்தீங்களா சார்? சீக்கு வுட்டுப்போச்சு. இனிமே கத்தி இன்னாத்துக்கு? மலையில சாமை அறுப்புக்குக் காத்துக்கினு இருக்குது.”

“இல்லீங்க, அது மருந்து அடக்கி வெச்சிருக்கு. நாளன்னிக்கு ஆபரேஷன். முடிச்சிட்டுப் போங்க.”

“பேப்பர்ல எழுதறவரு நீங்க. பேப்பரே சொல்லுது, நம்ப மாட்டேங்கிறீங்களே!”

சிரித்தபடி பஸ் ஏறிவிட்டார்.

தையல் பிரிக்க நான் போன நாளில் அவரைத் தூக்கி வந்திருந்தார்கள். காய்ச்சலில் மூச்சு வாங்கியது. “இந்தத் தடவை சொட்டு மருந்து கேக்குமான்னு தெரியல சார்” என்றார் நர்ஸ்.

பழக்கதோஷத்தில் செய்தித்தாளை நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். போர்வை ஆடிக்கொண்டிருந்தது.