உப்புப் போடாத துண்டு

எங்கள் சித்தி வீட்டிலேயே ஓவனில் செய்யும் இனிப்புப் பார்களுக்கு மட்டாஞ்சேரியில் நல்ல பெயர். கீழே வெண்ணெய் பிஸ்கட், நடுவில் உருக்கிய சர்க்கரைப் பாகு, மேலே சாக்லேட், அதற்கும் மேலே பொடித்த கல்லுப்பு. இனிப்பில் யாராவது உப்பைப் போடுவார்களா என்று முகம் சுளித்தவர்களே மறுநாள் போன் போட்டு ஆர்டர் சொல்வார்கள். நானும் முதலில் சுளித்தவள்தான். பிறகு தட்டை வழித்துத் தின்றவள்.

வைப்பின் தீவிலிருந்து போட்டில் மீன்பிடிக்கப் போன சித்தப்பா திரும்பவில்லை. போட்டும் வரவில்லை, உடலும் வரவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னபோது சித்தி சம்மதிக்கவில்லை. நெற்றிப் பொட்டையும் அழிக்கவில்லை. அக்கா வீடென்று எங்களோடு வந்து தங்கி, ஓவன் வாங்கி, வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில் உப்புப் போட மாட்டார்கள். அவர்களுக்கு உப்பு ஆகாதாம். சித்தி இதைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு மூலைக்கு மட்டும் உப்புத் தூவாமல் விடுவாள். ஆறியதும் உப்புப் போட்ட துண்டு ஒன்று, போடாத துண்டு ஒன்று, இரண்டையும் ஒரு தட்டில் எடுத்துக் காயலைப் பார்த்த பின்ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். உப்புத் துண்டு போயிருந்தால் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். மற்றது போயிருந்தால் என்னவென்று அவள் வாயால் சொன்னதில்லை. கொசுகூட நுழையாத வலை அடித்த ஜன்னல் அது. அதன் வழியாகச் சித்தப்பா எப்படி வருவார் என்று கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

எப்போதும் உப்புத் துண்டுதான் போயிருக்கும். எடுப்பது யார் என்று எனக்குத் தெரியும். அம்மாதான்! குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பூனை மாதிரி போய், அவசர அவசரமாக மென்று விழுங்குவாள். தங்கை செய்ததை ஒளிந்து தின்னும் அம்மாவை நினைத்து எனக்குச் சிரிப்பு தாங்காது.

ஒருநாள் வெண்ணெய் வாங்க பிராட்வே கடைத்தெருவுக்குப் போன அம்மா சாயங்காலமாகியும் வரவில்லை. சித்தி வழக்கம்போலத் தட்டை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். இன்றைக்கு இரண்டும் அப்படியே இருக்கும், சித்தி என்ன செய்வாள் பார்ப்போம் என்று முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கடல் வாடை மட்டும் திடீரென்று கனமாக வந்தது.

போய்ப் பார்த்தேன். உப்புத் துண்டு இருந்தது. மற்றது இல்லை. அது இருந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மழையில்லாத நாள். விரலால் தொட்டு நக்கினேன். கரித்தது.

திரும்பினால் சித்தி ஈரத்தலையும் புதிதாக இட்ட பொட்டுமாக நிற்கிறாள். அதே நேரம் அம்மாவும் பையோடு உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், பையைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்தாள்.

"நீதானே மோளே எடுத்துத் தின்னே?"

"இல்லம்மா."

"அம்மா அடிக்க மாட்டேன். ஆமான்னு மட்டும் சொல்லு."

சித்தி கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தொடவேயில்ல!" என்று கத்தினேன்.

"போதும்க்கா. அவர் வந்துட்டுப் போயாச்சு," என்றாள் சித்தி. தோளில் கிடந்த ஈரத் துண்டால் பொட்டைத் துடைத்தாள்.

பொய் சொல்லாதே என்று அடித்து வளர்த்தவளே ஒரு பொய்க்காக என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு எங்கே தெரிந்தது? செய்யாத திருட்டை என் தலையில் கட்டப் பார்த்தாளே என்று, வெகுநாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.