சங்கிலி ஜெபத்தில் என் முறை

சேலையூரில் எங்கள் காலனிப் பெண்கள் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடிச் சங்கிலி ஜெபம் செய்வோம். பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட வேண்டும். உடனே அவர் ஆரம்பிப்பார். பேச வராதவர்கள் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவர் கையைத் தொட்டுவிடலாம், தப்பில்லை. தப்பில்லை என்று சொல்வோமே தவிர, யார் பேசாமல் விட்டார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே கவனிப்போம். மற்றவர்களை ஏன் இழுக்க வேண்டும், நான் கவனிப்பேன். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம், குழுவுக்குத் தலைவி வேறு. மற்றவர்கள் ஜெபிக்கும்போதே என் முறைக்கு நல்ல வாக்கியங்களாகக் கட்டி வைத்துக்கொள்வேன். என் ஜெபத்தைக் கேட்டால் மனசு உருகுது என்று பாஸ்டரம்மாவே சொல்லியிருக்கிறார்.

மேடவாக்கத்தின் பழைய ஊர்த் தெருவிலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். இந்துக் குடும்பத்துப் பெண். வீட்டில் சொல்லிவிட்டு ஞானஸ்நானம் எடுத்து எங்கள் சபையில் சேர்ந்தவள். சர்ச்சுக்குப் போ, பொட்டை மட்டும் எடுக்காதே என்று மாமியார் சொல்லிவிட்டாராம். அதனால் பொட்டோடுதான் வருவாள். ஜெபத்தில் வாயே திறக்க மாட்டாள். அவள் கையைத் தொட்டதும் சட்டென்று அடுத்த கையைத் தொட்டுவிடுவாள், சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் கூட்டம் முடிந்து அவளோடு கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. பொட்டும் வேணும், ஆண்டவரும் வேணும்னா எப்படி? ஒரு வார்த்தை ஜெபம் பண்ண வரல உனக்கு. உன் விசுவாசம் உண்மைதானான்னு முதல்ல உன்னையே கேட்டுப் பாரு. அது தெரியாம திருவிருந்து எடுக்காத."

"சரிங்கக்கா," என்றாள். அந்த நேரம் தண்ணீர் லாரி ஒன்று உரசுகிற மாதிரி வந்தது. என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்து நிறுத்தினாள். நான் அதற்கு நன்றி சொன்னதாகக்கூட ஞாபகமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தியில் இருந்தேன்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று அப்பமும் ரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்து பீடத்துக்கு நடந்தபோது அவள் எழவில்லை. மற்றவர்கள் தாண்டிப் போகக் காலை மடக்கி வழிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். "மனசாட்சி குத்துது போல," என்று பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போது சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

சமீபத்தில் ஜெபம் என் வீட்டில் நடந்தது. அவள் எனக்கு இடப்பக்கம். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முடித்துவிட்டு அவள் கையைத் தொட்டார். வழக்கம்போல உடனே என்னைத் தொடுவாள் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவள் பேச ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, எனக்குப் பேசத் தெரியாது. நான் உண்மை இல்லன்னு அக்கா சொன்னாங்க. அக்கா உங்கள ரொம்ப நாளா தெரிஞ்சவங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். தெனம் கேட்டுப் பாக்கறேன், எனக்குத் தெரிய மாட்டேங்குது. என்னை உண்மையாக்கிடுங்க. அதுவரைக்கும் உங்க பந்தியில கை வைக்க மாட்டேன்."

பிறகு என் கையைத் தொட்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

அவள் குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். கட்டி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் அடுத்தவர் கையைத் தொட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

டீ கொடுத்த பிறகு அவளை மட்டும் அடுக்களைக்கு அழைத்தேன். "நான் சொன்னது தப்பும்மா. அதைச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்ல. இந்த ஞாயிறு நீ திருவிருந்து எடுக்கணும்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் பதறிப்போனாள். "ஐயோ, நீங்க ஏங்க்கா அழறீங்க? நான் கஷ்டப்படக் கூடாதுன்னு இப்ப இப்படிச் சொல்றீங்க. அன்னிக்குத்தான் மனசுல பட்டதைச் சொன்னீங்க."

அன்றைக்கு என் பேச்சை நம்பினவள் இன்றைக்கு நம்பவில்லை.

அந்த ஞாயிறும் எங்கள் வரிசையின் முறை வந்தது. அவள் காலை மடக்கிக்கொண்டு, போங்கக்கா என்று கண்ணால் காட்டினாள். அவளோடு நானும் உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு போயிருந்தேன். பின் வரிசையில் பாஸ்டரம்மா இருந்தார். தலைவி போகவில்லையே, என்ன விஷயமோ என்று பேச்சு வரும். எழுந்து, அவள் முழங்காலைத் தாண்டி, பீடத்துக்கு நடந்தேன்.