வரைபடம்-09 கிடைக்கவில்லை

காலை ஒன்பதேகாலுக்கு வரும் அறிக்கையில் அன்றைக்கும் ஒரே ஒரு சிவப்பு வரி. 'வரைபடம்-09: கணினி கிடைக்கவில்லை.' மற்ற இருநூற்றுப் பதினோரு வரிகளும் பச்சை.

பேக்கப்பு அதைப் பார்த்தான். பார்த்தான் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவன் மனசு கொஞ்ச நாளாக மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. இருக்கிறது என்று தெரியும், ஊன்றினால் ஒன்றும் தெரியாது.

அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். தண்ணீர் பம்பு வடிவமைக்கிற கம்பெனி அது. நாலு மாடியிலும் இருக்கிற கணினிகளில் அன்றன்று செய்த வேலையை எல்லாம் ஒரு நகல் எடுத்து, தரைத்தளத்துக் குளிர் அறையில் நிற்கும் பெரிய சர்வரில் சேர்த்து வைப்பது அவன் பொறுப்பு. யாராவது கைதவறி எதையாவது அழித்துவிட்டு, "பேக்கப்பு, காப்பாத்துப்பா" என்று ஓடி வந்தால் எடுத்துக் கொடுப்பான். "என் சாப்பாட்டு டப்பாவுக்கும் ஒரு நகல் எடுத்து வைப்பா, தினமும் எவனோ தின்னுட்டுப் போயிடறான்" என்று கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். அது மூன்று மாதத்துக்கு முன்பு.

அவன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு அப்பா எடுத்து வந்தபோது, நாற்காலி மேல் ஏறிச் சுவரில் ஆணி அடித்தவர் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். "கோணலா இருக்கா பாரு மாப்ள. உன் பட்டம், நேரா நிக்கணும்." இந்த வேலைக்குக் கூடவே கூட்டிவந்து உட்கார வைத்தவரும் அவர்தான். வரைபடப் பிரிவில் பன்னிரண்டு வருடம் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். அவருடைய கணினிதான் வரைபடம்-09.

இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யாரையாவது வேலையை விட்டு அனுப்புவதென்றால், அந்த ஆளுக்குச் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே அவருடைய கணினியின் பெயர் பேக்கப்புக்கு வந்துவிடும். கடைசி நகலை எடுத்து வைத்துக்கொண்டு, சர்வரின் பட்டியலிலிருந்து பெயரை நீக்கத் தயாராக இருக்க வேண்டும். வெளியே மூச்சு விடக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன்பு அப்படி முப்பத்தொரு பெயர் வந்தது. ஒன்பதாவதாக மாமா.

அவன் மூச்சு விடவில்லை.

இடையில் இருந்த அந்த இரண்டு நாளில் ஒரு நாள், பள்ளிக்கூடம் லீவு என்று மாமா தன் மகளை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தார். "இதுதான் அப்பா சீட்டு. அதோ, கண்ணாடி ரூம்ல உன் மாமா. ரெண்டு பேரும் இல்லன்னா இந்தக் கம்பெனி படுத்துரும்" என்று சொல்லிக் குழந்தையை நாற்காலியில் வைத்துச் சுற்றினார். பேக்கப்பு தன் மேசையில் கிடந்த சாக்லேட்டை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தான். மறுநாள் மதியம் மாமாவைக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார்கள்.

"உனக்குத் தெரியுமா மாப்ள?" என்று மாமா கேட்டார்.

"தெரியும் மாமா."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டது அக்காதான், போனில். "தெரிஞ்சேதான் புள்ள கையில சாக்லேட்டக் குடுத்தியா?" அதோடு வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவேயில்லை. கடைசி நகலை எடுத்து முடித்து, வரைபடம்-09 என்ற பெயரை நீக்கும் பொத்தானை அமுக்கியதும் அவன் கைதான்.

அப்படி நீக்கிய பெயர், இந்த ஒன்பது நாளாகத் தினமும் காலையில் சிவப்பாக வந்து நிற்கிறது.

"டேய், இந்த ஒத்தச் சிவப்பு ஏண்டா போகவே மாட்டேங்குது?" மேனேஜர் கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினார். "நாளைக்கு ஆடிட் ஆளுங்க வர்றாங்க. இல்லாத கம்ப்யூட்டரத் தேடிட்டு இருக்குன்னா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க. இன்னைக்குள்ள முடி."

"சரி சார்."

தேடினான். கணினிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. தினசரி நகல் எடுக்கும் குழுக்கள் எதிலும் இல்லை. இல்லாத ஒன்றை யாரோ எங்கிருந்தோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரிந்தது. மதியம் மணி ஒன்றாகியும் அகப்படவில்லை.

சாப்பாட்டு அறையில் டிராயிங் மேடம் தன் மேசைக்கு அவனைக் கூப்பிட்டார். மாமாவுக்கு அடுத்த சீட்டுக்காரர். மாமா போன பிறகும் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிற ஒரே ஆள்.

"என்ன தம்பி, பருக்கையை எண்ணிட்டு இருக்க? சாப்பிடு."

"ம்."

"வேற கம்பெனில கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னேன்ல? இன்னைக்கு நாலு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். வேணாம்னு சொல்லிடப் போறேன். அங்க போக ரெண்டு பஸ் மாறணும். இங்க நாலு எட்டு வச்சா வீடு. பத்து வருஷம் உக்காந்த சீட்டு வேற. நாற்காலி கூட என் முதுகுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு போச்சு."

"ம்."

"ம்முன்னா? ஏதாச்சும் சொல்லேன். உங்க மாமா இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பஸ்ஸுக்கும் நேரம் போட்டுக் குடுத்திருப்பாரு."

அவன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தான்.

அறைக்குத் திரும்பியதும், பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்தான். சர்வருக்குப் பெயர் என்பது மேல்சட்டைதான். உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் நீளமாக ஒரு எண் கொடுத்து, அதை வைத்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்ளும். மாமா கணினியின் எண் பழைய குறிப்பில் இருந்தது. அதைக் கொடுத்து எல்லா அமைப்புகளையும் சல்லடை போட்டுத் தேடச் சொன்னான்.

ஒரே ஒரு இடம் வந்தது. 'சோதனை-2' என்று ஒரு குழு. உருவாக்கியவர் மேனேஜர். தேதி, ஒன்பது நாளுக்கு முன்பு.

திறந்தான். உள்ளே எட்டுப் பெயர்கள். முதலில் வரைபடம்-09. கீழே ஏழு. அடியில் இரண்டு வரி: 'தினம் தனி நகல். இருபத்தெட்டாம் தேதிக்குப் பின் நீக்குக.' இன்று இருபத்தைந்து.

அவனுக்கு விளங்கிவிட்டது. புதிதாக ஒரு குழு போட மேனேஜருக்குச் சோம்பல். போன முறை முப்பத்தொரு பேருக்குப் போட்ட குழுவையே படியெடுத்து, பழைய பெயர்களை ஒவ்வொன்றாக அழித்து, புதியவர்களைச் சேர்த்திருக்கிறார். முப்பதை அழித்தவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்த ஒன்றைத் தேடித்தான் சர்வர் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு ஒன்று என்பதால் எல்லார் கண்ணிலும் பட்டது. கூடவே ஏழு பச்சை அதிகமாக வந்ததை யாரும் பார்க்கவில்லை. கம்பெனியில் இருப்பதே இருநூற்று நாலு கணினி. பச்சையை எவன் எண்ணுவான்?

புதிய ஏழில் மூன்றாவது, வரைபடம்-04. டிராயிங் மேடத்தின் கணினி.

மணி மூன்று பத்து.

பயமோ கோபமோ வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். எதுவும் வரவில்லை. குளிர்சாதனம் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. நீக்குவதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

வரைபடம்-09 என்ற வரியை மட்டும் குழுவிலிருந்து எடுத்தான். மற்ற ஏழையும் தொடவில்லை. அறிக்கையை மறுபடி ஓடவிட்டான். சிவப்பு, பூஜ்யம். மேனேஜருக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தான், எதற்கென்று தெரியாமல். அதே வகைச் சாக்லேட் இன்னும் நாலைந்து கிடந்தன. மூடினான்.

கண்ணாடி அறைக்கு வெளியே, அதே மூன்றாவது மாடியில், மேடம் தன் சீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டீங்களா மேடம்?"

"என்னத்த?"

"அந்தக் கம்பெனிக்கு. வேணாம்னு."

"இப்பத்தான் நம்பரப் போடப் போறேன். ஏன், நீயும் கூட வரியா?" சிரித்தார்.

"வேணாம்னு சொல்லாதீங்க."

"ஏன்டா?"

"உங்க கம்ப்யூட்டர் பேரப் பாத்தேன் மேடம்."

மேடத்தின் கை நின்றது. பக்கத்துக் காலி நாற்காலியை ஒரு முறை பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்பு நடந்ததற்குப் பிறகு, பேக்கப்பு ஒரு பெயரைப் பார்த்தான் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

"எப்போ?"

"இருபத்தெட்டு."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"இதச் சொன்னது நீன்னு தெரிஞ்சா உன் வேலை?"

"தெரியல மேடம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பத்து வருஷம்டா, பாவிங்களா" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "ஆமாங்க, வர்றேன். ஒண்ணாம் தேதியே வந்துடறேன்."

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மேனேஜர். "பிரமாதம்டா. இனிமே சிவப்பே வரக் கூடாது."

அதைப் படித்துவிட்டு அக்காவின் எண்ணுக்குப் போனான். அமுக்கினால் எடுக்கமாட்டாள் என்று தெரியும். போனைத் திரும்பப் பையில் போட்டான்.

வரைபடம்-04 போக இன்னும் ஆறு பெயர். அதில் இரண்டு பேர் இதே மாடி. மூன்று பேர் நாலாவது மாடி. ஒருவர் வாசல் பக்கத்துப் பதிவு அறை, ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறவர். மணி மூன்றரை.

முதலில் ஜன்னலோரம் இருந்த மேசைக்குப் போனான். அந்த ஆள் திரையிலிருந்து தலையை எடுக்காமலே, "என்ன பேக்கப்பு, என் சாப்பாட்டு டப்பா கிடைச்சிருச்சா?" என்றார்.

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.