மினோவா கொண்டுவந்த பெரிய பெட்டி

மேசைக்கு ஒன்றாக அரிசி பிஸ்கட் வைத்து, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போகிறார் மினோவா. பல்வலிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்ததற்கு இந்தப் பரிகாரம்.

"உங்க பல்லு போச்சுன்னு எங்க பல்லையும் உடைக்கப் பாக்கறீங்களா, மினோவா-சான்?" கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் பிரிவுத் தலைவி உசாமி.

"மன்னிக்கணும். அடுத்த தடவை மெத்துனு வாங்கிட்டு வரேன்."

ஜப்பானின் நீகாதா நகரில் எங்கள் நாளிதழுக்கு அவர்தான் மெய்ப்புப் பார்க்கிறார். மெய்ப்பைக் கையில் எடுத்தால் ஆளே வேறு. அச்சுக்குப் போக நான்கு நிமிடம் இருக்கும்போது என் முதல் பக்கச் செய்தியை நிறுத்தியவர். "அந்தப் பாலம் அந்த ஆத்து மேல இல்லீங்க" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

போன பிப்ரவரியில் அவருக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இருந்தது. மூத்தவள் ஆறு மாதம்வரை அப்பா தூக்கினாலே அழுதாளாம். "இந்தக் குழந்தைக்காவது என் முகம் தெரியணும்" என்று என்னிடம் சொன்னார். எங்கள் பிரிவில் எந்த ஆணும் குழந்தைக்காக விடுப்பு எடுத்ததில்லை. விண்ணப்பம் பதினொரு நாள் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் நாற்பத்தெட்டு கேக் கொண்ட பெட்டியோடு வந்தார். முதலில் மன்னிப்பு, அப்புறம் கோரிக்கை என்பது அவர் திட்டம். ஆனால் அவ்வளவு பெரிய பெட்டியை இங்கே வேலையை விட்டுப் போகிறவர்தான் கடைசி நாளில் கொண்டுவருவார்.  புகைப்படக்காரர் ஒகிதா வழியனுப்பும் பூங்கொத்துக்கே சொல்லிவிட்டார்.

உசாமி எழுந்து வந்தார். "எந்தப் பத்திரிகை உங்கள இழுத்துச்சு?"

"எங்கயும் போகலீங்க. குழந்தை பொறக்குது. ரெண்டு மாசம் லீவு கேக்கலாம்னு..."

"லீவா?" உசாமி பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "வெறும் லீவுதானா? அட மனுஷா, எனக்கு உயிரே போச்சு. தாளை எடுங்க, முத்திரை குத்தறேன்."

"ஏப்ரல்ல தேர்தல் இருக்கே..."

"இருந்துட்டுப் போகுது. நீங்க திரும்பி வந்தா போதும்."

மினோவா தாளை நீட்டினார். பாதியில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு திருத்தம் இருக்குங்க."

எங்கள் ஜப்பானிய எழுத்தில் எண் இரண்டுக்கு இரண்டு கோடு, மூன்றுக்கு மூன்று. மினோவா பேனாவைத் திறந்து, நிதானமாக ஒரு கோடு சேர்த்து, தாளை உசாமியின் பக்கம் திருப்பி வைத்தார்.