‘கூரை இல்லை’ என்று எழுதியவள் நான்

சென்ற ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் தொடங்கியது இது. வீட்டு மாடியில் சோலார் தகடு பொருத்த அரசு தரும் மானியத்துக்கு விண்ணப்பம் வாங்கும் முகாம். வலை பின்னும் கொட்டகையில் இரண்டு மேசைகளைப் போட்டிருந்தார்கள். சமூகப்பணியில் பட்டம் பெற்று, திருவொற்றியூரிலிருந்து தன்னார்வலராகப் போயிருந்த நான் ஒரு மேசையில் அமர்ந்து படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குப்பத்தில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அங்கே துணி உலர்த்தும் பெண்கள் முதலில் கொடிக்கயிற்றைத் துடைப்பார்கள். துடைத்த துணி சாம்பல் நிறத்தில் வரும். மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இவ்வளவு அருகில் குடியிருந்தும், கோடை வந்தால் அவர்கள் வீட்டு மின்விசிறி அடிக்கடி நின்றுபோகும்.

வரிசையில் முதலில் நின்றவர் மீன் விற்கும் ஓர் அக்கா. விசைப்படகில் வேலை பார்த்த அவருடைய கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தார்கள். மின்சாரம் நின்றால் மெஷினும் நிற்கும். அரசு மானியம் தகடுகளுக்கு மட்டும்தான். மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்குக் கிடையாது. ஆனால் சாம்பல் கக்கும் அப்பகுதி ஆலைகளில் ஒன்று, மருத்துவக் கருவி உள்ள வீடுகளுக்கு இலவசமாகப் பேட்டரி தருவதாக அறிவித்திருந்தது. ஒரே நிபந்தனை, மானியம் ஒப்புதலான முதல் பட்டியலில் அந்த வீடு இருக்க வேண்டும்.

“சாம்பல குடுக்குறவனே பேட்டரியும் குடுக்கறானா? குடுக்கட்டும், குடுக்கட்டும். எங்க ஊட்டுக்காரரு மூச்சு உட்டா போதும் எனக்கு” என்றார் அக்கா.

படிவத்தில் ஒரு வரி: ‘கூரை: உண்டு / இல்லை.’ எங்கள் பக்கத்தில் கூரை என்றால் கீற்று. கூரை வீடு என்றால் ஓலைக் குடிசை. கான்கிரீட் போட்டிருந்தால் அதற்குப் பெயர் தளம். ‘தளம் ஒட்டிட்டோம்’ என்று சொல்வதில் ஒரு பெருமிதமே உண்டு. ஓலை வேய்ந்த வீட்டின் மேல் தகடு பொருத்த முடியாது என்று முந்தைய நாள் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்த வரி, குடிசை வீடுகளைக் கழித்துவிடுவதற்காகக் கேட்கப்படுகிறது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

“அக்கா, கூரை இருக்கா?”

“இன்னாம்மா இப்டி கேக்கற? கூரையெல்லாம் எந்தக் காலத்துலயோ புயலோட போச்சு. தளம் ஒட்டி பிள்ளைங்கல்லாம் பெரிசாயிடுச்சுங்க. ஒரு கீத்து காட்டு பாப்போம், எங்க தெருவுல!”

சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்பதில் குறியிட்டேன். அவருக்குப் பின்னால் நின்ற இருபத்தாறு வீட்டுக்காரர்களுக்கும் அப்படியே குறியிட்டேன். ஒவ்வொரு படிவத்தின் மூன்றாம் பக்கத்திலும் அந்தந்த வீட்டு மொட்டைமாடியின் புகைப்படத்தை என் கையாலேயே ஒட்டினேன். அக்கா வீட்டுப் படத்தில் கருப்புத் தண்ணீர்த் தொட்டியும், காயவைத்த நெத்திலியும், காக்கை விரட்டும் கம்பும் கூடத் தெளிவாகத் தெரிந்தன.

பங்குனிக் கடைசியில் எல்லா வீட்டுக்கும் ஒரே கடிதம் வந்தது. ‘தங்கள் வீட்டிற்குக் கூரை இல்லாத காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

குப்பமே முதலில் சிரித்தது. “கூரை இல்லாம வானத்த பாத்துக்கினா படுத்துக்கினு கீறோம்?” என்று ஒருவர் கேட்க, “நீ படுத்தாலும் படுப்பே மாமு, சரக்கு உள்ள போச்சுன்னா” என்று இன்னொருவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகத்துக்கு மறுநாளே அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அங்குள்ள அதிகாரியை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று ரயிலிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அவர் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “பாருங்க மேடம். கூரை இல்லைன்னு நீங்கதான் டிக் பண்ணியிருக்கீங்க. கூரையே இல்லாத வீட்டுல பேனலை எங்க வைக்கறது?”

கூரை என்ற சொல்லை மேலே மூடியிருக்கும் எதற்கும் பொதுவாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து அகராதியைப் பார்த்து எழுதிய சொல். அதே கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் என்பதாலேயே அதைத் தவறாகப் படித்தவள் நான்.

“சார், மூணாம் பக்கத்துல மாடிப் படம் இருக்கே” என்றேன்.

“போட்டோ ஃபைலுக்கு மேடம். டிக் மட்டும்தான் கம்ப்யூட்டருக்கு. மறுபடி அப்ளை பண்ணுங்க.”

“முதல் பட்டியல்?”

“அது க்ளோஸ் ஆகுற நேரம்.”

என் கோபத்தில் பாதி அவர் மேல் இருந்தது. மீதிப் பாதியை வைக்க இடம் தெரியவில்லை. வெளியே வந்து அக்காவிடம் உண்மையைச் சொன்னேன், குறியிட்டது நான்தான் என்று. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் சொன்னத நீ எழுதினே. நீ ஒட்டின படத்த அவன் பாக்கல. எம்புருசன் மூச்சுக்கு யாரு பதில் சொல்றது, அத்த மட்டும் சொல்லு” என்றார். அன்று மாலையே எல்லோருக்கும் மறுவிண்ணப்பம் அனுப்பினேன்.

கத்திரி வெயிலில் ஒரு நண்பகல் அக்காவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மின்சாரம் போய் நெடுநேரமாகிறது, அவசரத்துக்கு வைத்திருந்த சிறிய சிலிண்டரும் தீரப்போகிறது என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. “ஐஸ் கம்பெனிக்குப் போ” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அக்காவின் கணவரையும் மெஷினையும் ஏற்றி, மீனுக்கு ஐஸ் உடைத்துத் தரும் கம்பெனிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஜெனரேட்டர் இருந்த இடம் அது ஒன்றுதான். ஐஸ் பாறைகள் அடுக்கியிருந்த கொட்டகையில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே அவருடைய பற்கள் அடித்துக்கொண்டன.

என்னைப் பார்த்ததும் குழாயை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டுச் சொன்னார். “இன்னாம்மா... எத்தினி மீன... ஐஸ்ல போட்டிருப்பேன். இப்ப என்னயே... ஐஸ்ல வச்சிட்டாங்க பாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “பேசாத, மூச்ச இழு” என்று அவர் தோளில் ஓர் அடி வைத்தார். அந்த அடி என் மேல் விழுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை குப்பத்துப் பெண்கள் கடிதங்களையும் பாய்களையும் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். நான் அவர்களை அழைத்துப் போகவில்லை. அவர்கள் என்னை அழைத்துப் போனார்கள். கூடத்தில் பாயை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். மீன்கூடைகளும் கூடவே வந்திருந்தன. மணம் மாடிப்படி ஏறியது.

“இன்னாம்மா இதெல்லாம்? எழுந்திருங்க” என்று அதிகாரி ஓடிவந்தார்.

“எங்களுக்குத்தான் கூரை இல்லியே சார்” என்றார் அக்கா, கடிதத்தை உயர்த்திக் காட்டி. “நீங்களே எழுதி கையெழுத்து போட்டு அனுப்பிக்கிறீங்க. இங்க நல்ல கூரையா கீது, ஃபேனும் சுத்துது. இங்கியே இருந்துக்கறோம். எங்க ஊட்டுக்காரரையும் மெஷினோட இட்டாந்துடறேன்.”

அன்று பிற்பகலே ஓர் ஊழியர் நேரில் பார்க்க வந்தார். அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஏறி, கையில் படிவத்துடன், “கூரை எது?” என்று கேட்டார். “நீ நின்னுகினு கீறியே, அது இன்னா நைனா?” என்றார் அக்கா. கீழே தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இதை வெற்றி என்று எழுதியிருப்பேன். ஆவணியில் இருபத்தேழு மாடிகளிலும் தகடுகள் வந்தன. மின்கட்டணம் குறைந்தது உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் முதல் பட்டியல் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. ஆலையின் பேட்டரிகளும் தீர்ந்துவிட்டன. வெளியே மின்கம்பியில் மின்சாரம் நின்றால், கம்பியைப் பழுது பார்க்கும் ஊழியர் மீது மின்சாரம் பாய்ந்துவிடாதிருக்க இந்தத் தகடுகளும் தாமாகவே நின்றுவிடும். பேட்டரி இருந்தால்தான் வீடு தனியாக இயங்கும். அதனால் வெயில் கொளுத்தும் நண்பகலில், தலைக்கு மேல் தகடுகள் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே, அக்காவின் கணவரை மீன்பாடி வண்டியில் ஏற்றி ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோகிறார்கள், இன்றும். அக்கா நாள்தோறும் காலையில் ஏறி, தகட்டில் படிந்த சாம்பலைக் கழுவிவிட்டு, அதன் பிறகே கூடையைத் தூக்குகிறார்.

மூச்சுக்கு மின்சாரம் வேண்டியிருக்கும் வீட்டுக்குப் பேட்டரியை ஆலையின் தயவில் விட்டுவிட்ட திட்டத்தின் மேலும், படத்தைப் பார்க்காமல் குறியை மட்டும் படித்த கண்களின் மேலும் எனக்கு உள்ள கோபம் தணியவில்லை. தணியட்டும் என்று நான் விரும்பவும் இல்லை. ஆனால் அதில் என் பங்கை நான் எவர் தலையிலும் இறக்கிவைக்க முடியாது. யாருக்காகவும் ஒரு படிவத்தை நிரப்பப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், ஐஸ் பாறைகளுக்கு நடுவே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே சிரிக்க முயன்ற அந்த முகம் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது, கேள்வியை அவர்கள் சொல்லில் இன்னொரு முறை கேள் என்று.