அவள் கோயில் என்று சொன்ன இடம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மதியம் ஒரு மணிக்கு வந்தது. சற்று நேரத்தில் நான் எட்டிப் பார்த்தபோது அறையில் மகள் இல்லை. கணிதத்தில் தோல்வி என்று கணினித் திரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. கீழே அவளுடைய ஸ்கூட்டியும் இல்லை.

என் கைபேசியில், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு செய்தி: "கோயில்ல இருக்கேன். தேடாதீங்கப்பா." கூப்பிட்டால் போனை அணைத்து வைத்திருந்தாள்.

தேர்வு முடிவுக்கு மறுநாள் செய்தித்தாளில் என்ன வரும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். நாங்கள் நெல்லைக் கிறிஸ்தவர்கள். ஆலயத்தைக் கோயில் என்போம். எங்கள் பகுதியான வானவடியில் ஞாயிறுதோறும் போகும் ஆலயத்துக்கு வண்டியை விரட்டினேன். பூட்டியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன்.

"அத அவ எப்பங்க கோயில்னு சொன்னா? சர்ச்னுதான சொல்வா!" என்று அழுகையோடு கத்தினாள்.

உண்மைதான். மராத்தி ஊரில் வளர்ந்த மகளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கோயில் என்ற சொல், அவள் ஞானஸ்நானம் பெற்ற பழைய கல் ஆலயத்தோடு நின்றுபோயிருந்தது. பராமரிக்க முடியாமல் சபை அதை விட்டுக்கொடுத்துவிட்டது. இப்போது கம்பெனிகள் கூட்டம் நடத்தும் மாநாட்டு மையம். வண்டியைத் திருப்பும்போதே அதன் மணிக்கூண்டு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அதன் உச்சிவரை ஓடி ஏறுவாள்.

வாசலில் காவலாளி மறித்து, மராத்தியில் பாஸைக் காட்டச் சொன்னார். "சாஹேப், பாஸ் தாக்வா."

பாஸ் இல்லை, மகள் உள்ளே இருக்கிறாள் என்று இந்தியில் கெஞ்சினேன்.

"பச்சோங் கா ப்ரோகிராம் நஹி ஹை. டீலர் மீட்டிங்." பிள்ளைகள் நிகழ்ச்சி எதுவும் இல்லை என்றார்.

மணிக்கூண்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று கேட்டேன். ஏசி வேலை நடப்பதால் திறந்துதான் கிடக்கிறது என்றார். அவரைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

பலிபீடம் இருந்த இடத்தில் பெரிய திரை. யாருக்கோ பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கைதட்டலில் அமுங்கிப்போனது.

மணிக்கூண்டின் முதல் படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உதறினேன். விடவில்லை.

அப்போதுதான் சாப்பாட்டுக் கூடாரத்துப் பக்கமிருந்து அவள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கழுத்தில் யாருடைய பெயரோ எழுதிய அட்டை.

"அப்பா, பக்கத்துக் கதவு வழியா வந்தேன். ஒரு ஆன்ட்டி டேக் மாட்டிவிட்டு, சாப்பிடச் சொன்னாங்க," என்றாள். "யாரும் ஒண்ணும் கேக்கலப்பா."